நாலு குடையும் எட்டு டொலர் அபராதமும்

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் ஆமர் வீதிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வலது செருப்பு வாயைப் பிளந்துவிட்டது. கொட்டாஞ்சேனைப் பக்கம் நடக்கிற வழியில் நடைபாதையோடு நாலு பேர் வரிசையாகக் குடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள், செருப்புத் தைக்கிறவர்கள். முதல் ஆளிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் தைக்க 400 ரூபாய் என்றார். 300க்குச் செய்து தாங்களேன் என்றேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"நாங்க நாலு பேரும் பேசி வச்ச வெல சேர். அந்தக் கடைசிக் குடைக்குப் போனாலும் நானூறுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சேர் சிரிக்கிறீங்க என்று கேட்டார். ஒன்றுமில்லை அண்ணே, இப்படிப் பேசி வைத்ததற்காக எட்டுச் செருப்புத் தைக்கிறவர்களைக் கோர்ட்டில் ஏற்றிக் குற்றவாளி என்று தீர்த்தார்கள் ஒரு காலத்தில் என்றேன்.

"எங்க, புதுக்கடைக் கோர்ட்டுலயா?"

"இல்லை, அமெரிக்காவில்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு ஊசியைத் தோலுக்குள் இறக்கினார். அதற்கு மேல் அவருக்குக் கேட்க ஒன்றுமில்லை. எனக்குத்தான் சொல்ல நிறைய இருந்தது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மே தினம் வந்தால் நம் மேடைகளில் எல்லோரும் சிக்காகோவிலிருந்துதான் தொடங்குவார்கள். 1886, எட்டு மணிநேர வேலை, ஹேமார்க்கெட் சதுக்கம், குண்டு, தூக்கு. கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு சலிப்பு. அமெரிக்கத் தொழிலாளி அன்றைக்குக் காலையில்தான் நித்திரை விட்டு எழும்பினவன் மாதிரி ஒரு கதை. உண்மையில் அதற்கு எண்பது வருடங்களுக்கு முன்பே கதை தொடங்கிவிட்டது, அதுவும் பெரிய ஆலையிலோ சுரங்கத்திலோ இல்லை, சப்பாத்துக் கடையில். அந்த எண்பது வருடமும் பெரும்பாலும் தோல்விதான். எனக்கு அந்தத் தோல்விகள்தான் பிடித்திருக்கின்றன.

பிலடெல்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் வாடிக்கையாளர் கடைக்கு வருவார், காலை அளந்து சப்பாத்துச் செய்து கொடுப்பார்கள். கடைக்காரரும் கூலிக்கு வேலை செய்யும் தொழில் தெரிந்தவரும் பழகுகிற பையனும் ஒரே பலகையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். பையன் சில வருடத்தில் கூலி ஆளாவான், கூலி ஆள் கொஞ்சம் சேர்த்துச் சொந்தக் கடை போடுவான். அமெரிக்கச் சுதந்திரத்துக்குப் பிறகு சந்தை பெருத்தது. கப்பலில் தெற்கே சார்ள்ஸ்டன் வரைக்கும் சப்பாத்துப் போனது. இப்போது கடைக்காரர் ஊசி பிடிப்பதில்லை, ஓடர் பிடிக்கிறார். தூரத்துச் சந்தையில் விலையை இறக்க வேண்டும் என்றால் இங்கே பலகையில் இருப்பவனின் சோடிக் கூலியை இறக்க வேண்டும். பலகை ஒன்றாக இருந்தது இரண்டாக வெட்டப்பட்ட இடம் அது.

1794இல் அங்கே கூலிக்குச் சப்பாத்துத் தைப்பவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆங்கிலத்தில் அவர்களுக்குக் 'கோர்ட்வெய்னர்' என்று பெயர். ஸ்பெயினின் கோர்டோபா நகரத் தோலில் வேலை செய்பவர் என்பதிலிருந்து வந்த சொல். பழைய சப்பாத்தைத் திருத்துகிறவரை அந்தப் பெயரால் கூப்பிட மாட்டார்கள், அதற்கு வேறு சொல். தொழிலுக்குள்ளேயே மேல் கீழ், அது எந்த ஊரில்தான் இல்லை. இவர்கள் 1799இல் ஒருமுறை வேலையை விட்டு வெளியேறினார்கள். 1805இல் பூட்ஸுக்குக் கூலி கூட்டிக் கேட்டு மறுபடி வெளியேறினார்கள். அந்த முறை முதலாளிமார் பேச்சுவார்த்தைக்குப் போகவில்லை, வழக்குக்குப் போனார்கள். 1806இல் விசாரணை, எட்டுப் பேர் மீது குற்றச்சாட்டு: கூலியை உயர்த்தச் சதி செய்தார்கள்.

சதி என்ற சொல்லைக் கவனியுங்கள். தனி ஒருவன் என் வேலைக்கு இவ்வளவு வேண்டும், இல்லாவிட்டால் செய்ய மாட்டேன் என்று சொன்னால் குற்றமில்லை. அதையே எட்டுப் பேர் கலந்து பேசிச் சொன்னால் குற்றம். செயல் ஒன்றுதான், 'சேர்ந்து' என்ற ஒரு சொல் கூடுகிறது, அவ்வளவுதான். அதற்குச் சட்டம் எங்கிருந்து வந்தது என்றால், இங்கிலாந்தின் பழைய வழக்காற்றுச் சட்டத்திலிருந்து. எங்களுக்கு உங்கள் ஆட்சி வேண்டாம் என்று இதே பிலடெல்பியாவில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முப்பது வருடம்தான் ஆகியிருந்தது. ராஜா போய்விட்டார், ராஜாவின் சட்டம் போகவில்லை. வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் எழுதிய சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருக்கும் நாட்டில் இருந்துகொண்டு நான் இதற்கு ரொம்பவும் சிரிக்க முடியாது.

வழக்கை ஒருவர் சுருக்கெழுத்தில் எடுத்துப் புத்தகமாகப் போட்டதால் சாட்சிகள் சொன்னது நமக்குக் கிடைக்கிறது. இரண்டு சாட்சிகளை என்னால் மறக்க முடியவில்லை.

ஒருவர் ஜோன் பெட்ஃபோர்ட், முதலாளி. சார்ள்ஸ்டனுக்குப் போய்ப் பெரிய ஓடர் எடுத்துக்கொண்டு வந்தேன், வந்து பார்த்தால் இவர்கள் கூலி கூட்டச் சொல்லி நிற்கிறார்கள், அந்த வியாபாரமே கைவிட்டுப் போயிற்று என்று புலம்புகிறார். கடை ஜன்னலை உடைத்ததையும் சொல்கிறார். எறிந்தது கல் இல்லை, உருளைக்கிழங்கு. கிழங்குக்குள் சப்பாத்துக்கு அடிக்கிற ஆணித் துண்டுகள். யார் எறிந்தார்கள் என்பதற்குக் கையெழுத்தே போட்ட மாதிரி.

மற்றவர் ஜொப் ஹாரிஸன், தொழிலாளி. அவர் பூட்ஸ் செய்பவரே இல்லை, சப்பாத்துச் செய்பவர். பூட்ஸுக்குக் கூலி கூடினால் அவருக்கு ஒரு சதம் பிரயோசனமில்லை. வீட்டில் மனைவிக்குச் சுகமில்லை, சின்னச் சின்னப் பிள்ளைகள். 1799 வேலைநிறுத்தத்தில் சங்கத்திடம் போய் எனக்கு மட்டும் விலக்குத் தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. பிறகு என்ன செய்தார்? வெளியில் சங்கத்து ஆளாக இருந்துகொண்டே இரகசியமாக உட்கார்ந்து தைத்தார். அதைக் கோர்ட்டில் அவரே தன் வாயால் சொல்கிறார், 'ஸ்கேப்' ஆகத் தீர்மானித்தேன் என்று. ஸ்கேப் என்றால் புண் ஆறும்போது மேலே காய்ந்து படிகிற பொருக்கு. நம்மிடம் இதற்குக் கருங்காலி என்று இருக்கிறது. மரத்தை வெட்டுகிற கோடரிக்குக் காம்பாகப் போன மரம். இரண்டில் எது கொடுமையான சொல் என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை, ஆனால் ஹாரிஸனின் சாட்சியத்தை வாசித்த பிறகு எந்தச் சொல்லையும் அவர்மேல் எறிய எனக்குக் கை வரவில்லை. கருங்காலிகளோடு ஒரே வீட்டில் தங்கிச் சாப்பிடுவதில்லை என்பதும் சங்கத்தின் விதி. வேலை மட்டுமில்லை, சோற்றுத் தட்டு வரைக்கும் ஒதுக்கிவைப்பு.

ஜூரிகள் பன்னிரண்டு பேர். மளிகைக் கடைக்காரர், விடுதி நடத்துபவர், தொப்பி செய்பவர், புகையிலை விற்பவர், கடிகாரக்காரர், தையற்காரர் என்று எல்லாம் கடை வைத்திருப்பவர்கள். நீதிபதி மோசஸ் லெவி அவர்களுக்குச் சொன்னதன் சாரம்: தங்களுக்கு நன்மை தேடிக் கூட்டுச் சேர்ந்தாலும் சரி, சேராதவர்களுக்குத் தீங்கு செய்யச் சேர்ந்தாலும் சரி, இரண்டையும் சட்டம் கண்டிக்கிறது. ஆளுக்கு 8 டொலர் அபராதம், செலவு வேறு. தண்டனை பெற்றவர்கள் போய்ச் சொந்தமாக ஒரு பூட்ஸ் கடை திறந்தார்கள். அந்த வீம்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

'சேர்ந்து' என்பது தன்னளவில் குற்றமில்லை என்று ஒரு நீதிபதி தெளிவாக எழுத இன்னும் 36 வருடம் ஆனது. 1842, மாசசூசெட்ஸ் மாநிலம், தலைமை நீதிபதி லெமுவெல் ஷோ. அந்த வழக்கிலும் நின்றவர்கள் பொஸ்டனில் பூட்ஸ் செய்பவர்கள்தான். அதற்குப் பிறகும் வழக்குகள் வந்தன, ஆனாலும் சங்கம் வைத்திருப்பதே சதி என்று சொல்வது கஷ்டமாகிவிட்டது. ஏன் எப்போதும் சப்பாத்துக்காரர்களே மாட்டினார்கள் என்று யோசித்திருக்கிறேன். கூலிக்கு வேலை செய்தாலும் தொழில் கையில் இருந்தது, எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் பலர், நாளெல்லாம் ஒரே அறையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசக்கூடிய வேலை. நம் ஊரிலும் முதல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் பரம ஏழைகள் இல்லையே. 1893இல் கொழும்பில் வேலையை நிறுத்திச் சங்கம் வைத்தவர்கள் அச்சகத் தொழிலாளர்கள், எழுத்துக் கோர்ப்பவர்கள்.

சரி, கூலியை விடுங்கள். எனக்கு நேரடியாகப் பட்ட விஷயம் நேரம். நான் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை எட்டரைக்கு ஷட்டர் திறந்தால் மாலை ஏழுக்கு இறக்குவோம், பண்டிகைக் காலத்தில் ஒன்பது. மூட்டை தூக்குகிற நாட்டாமிகளுக்கு அதுவும் இல்லை, லொறி எப்போது வருகிறதோ அப்போது மூட்டை. அன்றைய அமெரிக்காவில் கட்டட வேலையில் ஒரு நாள் என்றால் சூரியன் எழும்பியதிலிருந்து சாயும்வரை. கோடையில் சூரியன் அங்கே சீக்கிரம் சாயாது. பொஸ்டன் தச்சர்கள் பத்து மணிநேரம் கேட்டுத் தோற்றார்கள், தோற்றவர்கள் 1835இல் ஒரு சுற்றறிக்கை எழுதி ஊர் ஊராக அனுப்பினார்கள். அது பிலடெல்பியாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே முதலில் எழும்பியது தச்சரும் இல்லை, சப்பாத்துக்காரரும் இல்லை. ஷூயில்கில் ஆற்றுத் துறையில் படகிலிருந்து நிலக்கரி இறக்குகிற ஆட்கள், பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள், எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்கள். முந்நூறு பேர் துறைமுகத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள், முன்னால் ஒருவர் உருவிய வாளோடு. பிறகு தச்சர், தோல் பதனிடுபவர், சுருட்டுச் சுற்றுபவர், சப்பாத்துக்காரர் எல்லோரும் சேர்ந்தார்கள். கிட்டத்தட்ட 20,000 பேர் என்று சொல்வார்கள். கேட்டது மிகச் சின்னக் கணக்கு: ஆறிலிருந்து ஆறு. நடுவில் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி, பகல் சாப்பாட்டுக்கு ஒரு மணி, கழித்தால் பத்து. நகரசபை தன் வேலையாட்களுக்கு அதை ஒத்துக்கொண்டது, முதலாளிமார் ஒவ்வொருவராக வழிக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் வென்ற கதை என்று எடுத்துச் சொல்ல இது ஒன்றுதான் பெரிதாக இருக்கிறது, அதைத் தொடங்கி வைத்தது மூட்டை தூக்குகிறவர்கள்.

கொச்சிக்கடைத் தேவாலயத்துக்குப் போகிற வழியில் துறைமுகச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் ஞாபகம் வரும். இந்தத் துறைமுகமும் ஒரு காலத்தில் கப்பல்களுக்குக் கரி ஏற்றித்தான் பெயர் வாங்கியது. கூடை கூடையாகக் கரி சுமந்து பலகையில் ஏறியவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். 1927இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் துறைமுகம் நின்றபோது கொழும்பே நின்றது என்று சொல்வார்கள். குணசிங்கவின் பெயரை இங்கே சும்மா சொல்லவில்லை, திரும்ப அவரிடம் வருவேன்.

இனி லோவெல். இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம். மாசசூசெட்ஸில் மெரிமாக் ஆற்றங்கரையில் பொஸ்டன் பணக்காரர்கள் கட்டிய நெசவாலை நகரம். வேலைக்கு யாரைப் பிடித்தார்கள் என்றால் சுற்று மாநிலங்களின் விவசாயக் குடும்பத்துப் பெண்களை. தகப்பன்மார் அனுப்ப வேண்டுமே, அதற்காகக் கம்பெனியே போடிங் வீடு கட்டியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மூத்த பெண், பெரும்பாலும் விதவை, பொறுப்பு. இரவு பத்து மணிக்குக் கதவு பூட்டு. ஞாயிறு கோயிலுக்குப் போயாக வேண்டும். வேலை வாரத்துக்குச் சராசரி 73 மணிநேரம். நூல் அறாமல் இருக்கக் காற்றில் ஈரம் வேண்டும் என்று ஜன்னலை அடைத்தே வைத்திருப்பார்கள். உள்ளே புத்தகம் கொண்டுவரத் தடை, அதனால் பேப்பரில் வந்த கவிதைகளை வெட்டி ஜன்னல் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, தறியைப் பார்க்கும் நேரம் போக மீதி நேரத்தில் அதைப் பார்த்துப் பாடமாக்கினார்கள் சிலர்.

போடிங் என்றதும் எனக்குக் கட்டுநாயக்க வர்த்தக வலயம்தான். எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளை, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள், அங்கே ஒரு கார்மென்ட்டில் மூன்று வருடம் இருந்தாள். ஒருமுறை அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பார்சலோடு போய்ப் பார்த்தேன். ஓர் அறை, ஆறு பேர், ஒரு ஃபேன். ஆணி அடித்து ஆணி அடித்துச் சுவரே தெரியவில்லை, ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பை, ஒவ்வொரு பையிலும் ஒருத்தியின் முழு உடைமை. அடுப்பு வெளியே, முறை வைத்துச் சமையல். "மாமா, டார்கெட் கூட்டிட்டாங்க, பாத்ரூம் போகக் கார்ட் எடுக்கணும்" என்றாள், குறை சொல்கிற குரலில் இல்லை, மழை பெய்கிறது என்பதுபோல. ஆனால் அதே பிள்ளைதான் சொந்தக் காசில் கைபேசி வாங்கினாள், தம்பிக்கு டியூஷன் கட்டினாள், வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். லோவெல் பெண்களைப் பற்றி வாசிக்கும்போது இந்த இரண்டும் சேர்ந்தே வரும். கசக்கிப் பிழிந்தது ஆலை. கையில் முதல் தடவையாகச் சொந்தப் பணம் வைத்ததும் அதே ஆலை. ஒன்றை மட்டும் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

1834 பெப்ரவரியில் கூலியைக் குறைக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். பெண்கள் கூடிப் பேசினார்கள். தலைமை தாங்கியவள் என்று ஒருத்தியை மேலாளர் வேலையால் நிறுத்தினார். அவள் வெளியே போய்த் தன் தலையணியைக் கழற்றி மேலே வீசிக் காட்ட, அதுதான் சைகை, ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். 800 பேர் ஊர்வலம். தெருவில் இருந்த தண்ணீர்ப் பம்பின் மேல் ஒருத்தி ஏறி நின்று பெண்களின் உரிமை பற்றிப் பேச, பொஸ்டன் பத்திரிகைக்கு அது சகிக்கவில்லை. சில நாட்களில் எல்லாம் முடிந்தது, தோல்வி.

1836இல் போடிங் கட்டணத்தைக் கூட்டினார்கள், அதாவது சுற்றி வளைத்துக் கூலிக் குறைப்பு. இந்த முறை 1500க்கு மேல். ஹேரியட் ஹேன்ஸன் என்ற சிறுமிக்கு அப்போது 11 வயது, நிரம்பிய நூல் கட்டைகளை மாற்றிப் போடுகிற வேலை. மேல் மாடியில் இருந்தவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள், இவளுடைய அறையில் பெரிய பெண்கள் போகலாமா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன் என்று இந்தப் பிள்ளை நடக்கத் தொடங்கினாள். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் முழு வரிசையும் வந்துகொண்டிருக்கிறது. வயதான பிறகு அவளே எழுதிய ஞாபகம் இது. கம்பெனி பிள்ளையை விட்டுவிட்டுத் தாயைப் பிடித்தது. தாய் விதவை, கம்பெனி போடிங் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தவர். பெரிய பெண்களை உன்னால் அடக்க முடியாமல் போயிருக்கலாம், உன் மகள் குழந்தைதானே, அவளை அடக்கியிருக்கலாமே என்று சொல்லி அந்த வேலையைப் பறித்தார்கள். குடும்பத்தில் ஒருவர் வாய் திறந்தால் அந்த வீட்டுக்கே வினை என்பது நம் தோட்டத்து லயங்களில் இருந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. லோவெலில் ஒரு வருடம் வேலை செய்து, இரண்டு கிழமை முன்னறிவித்தல் கொடுத்து விலகினால்தான் நற்சான்றுக் கடிதம், அது இல்லாமல் பக்கத்து ஆலையிலும் சேர்க்க மாட்டார்கள். நம் தோட்டங்களில் 1921 வரைக்கும் 'துண்டு' என்று ஒன்று இருந்தது, கடனை எழுதிய துண்டுச் சீட்டு, அது இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. பெயர்தான் வேறு.

1845இல் சாரா பேக்லி என்ற நெசவுப் பெண்ணின் காலம். பத்து மணிநேரச் சட்டம் கேட்டு 2000க்கு மேல் கையெழுத்து வாங்கிச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். விசாரணைக் குழு முன்னால் பெண்கள் நேரில் போய்ச் சாட்சி சொன்னார்கள். ஒருத்தி தன் அறையில் காலையும் மாலையும் எரிகிற விளக்குகளை எண்ணிச் சொன்னாள்: சின்ன விளக்கு 293, பெரிய விளக்கு 61. எண்ணெய் விளக்குகள். ஜன்னல் அடைத்த அறையில் அத்தனையும் குடிப்பது நூற்றைம்பது பேர் மூச்சு விடுகிற அதே காற்றை. பல வருடம் ஒரே கூரையைப் பார்த்தவள்தான் இப்படி எண்ணி வைத்திருப்பாள். குழு லோவெலுக்குப் போய்ப் பார்த்தது, புல்வெளியும் பூமரமும் நன்றாக இருக்கிறதே என்றது, நேரத்தை நிர்ணயிப்பது சட்டசபையின் வேலையில்லை என்று எழுதிவிட்டுப் போனது.

குழுவின் தலைவர் வில்லியம் ஷௌலர், லோவெல் தொகுதிக்காரர், பத்திரிகை நடத்துபவர். பேக்லியின் ஆட்கள் அவரைத் தேர்தலில் விடவில்லை. வாக்குரிமை ஒன்று கிடையாது இவர்களுக்கு, ஆனாலும் வாக்குள்ளவர்களிடம் போய் அந்த மனிதனுக்குப் போடாதே என்று பிரசாரம் செய்தார்கள். ஆள் தோற்றார். உடனே இந்தப் பெண்களின் சங்கம் கூடி, அவரைத் தகுந்த இருட்டுக்கு அனுப்பி வைத்த வாக்காளர்களுக்கு நன்றி என்று தீர்மானம் போட்டது! அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்க எவ்வளவும் கொடுப்பேன். மாசசூசெட்ஸில் பெண்களுக்குப் பத்து மணிநேரச் சட்டம் வந்தது 1874இல்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நாங்கள் அடிமைகள் இல்லை என்று இந்தப் பெண்கள் ஊர்வலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் கையில் இருந்த பஞ்சு தெற்கே அடிமைகள் பறித்தது. அவர்கள் நெய்ததில் முரட்டுத் துணி ஒன்று மறுபடி தெற்கே போய் அந்த அடிமைகளுக்கே உடுப்பானது, அங்கே அந்தத் துணிக்கு 'லோவெல்' என்றே பெயர். அதைப் பேசி அடிமை ஒழிப்புக்குக் கையெழுத்துப் போட்ட பெண்களும் அதே ஆலைகளில் இருந்தார்கள். இருந்தாலும் கணக்குக் கணக்குத்தான்.

இனிச் சுருட்டு. என் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டிலில் இருந்தவர். புகையிலைக்குப் போடுகிற கோடாவின் மணம் கடைசிவரை அவர் விரலை விட்டுப் போகவில்லை. கொட்டிலில் ஒருவர் மட்டும் சுற்ற மாட்டார், பேப்பர் வாசிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். பேப்பர் முடிந்தால் கதைப் புத்தகம். அப்பப்பாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும், ஆனால் சுயஸ் கால்வாய்ச் சண்டை பற்றி வக்கீல் மாதிரிப் பேசுவார். அதே வழக்கம் நியூயோர்க்கில் இருந்தது என்று வாசித்த அன்று எனக்குப் புல்லரித்தது. சாமுவெல் கொம்பர்ஸ், லண்டனில் பிறந்து 13 வயதில் அங்கே போய்ச் சேர்ந்த சுருட்டுத் தொழிலாளி. அவருடைய அறையில் ஒருவர் வாசிக்க, அவருக்கு நட்டம் வராமல் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுருட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவார்களாம். அந்த வாசிப்பும் விவாதமும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். 1886இல் அமெரிக்கத் தொழிற்சங்கச் சம்மேளனம் உருவானபோது தலைவரானவர் அவர்தான்.

அப்புறம் கசப்பு. அதே சுருட்டுப் பெட்டியில்தான் 1870களில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வெள்ளை லேபல் ஒட்டினார்கள். வெள்ளைக்காரர் கையால் சுற்றியது என்பதற்கு அடையாளம், சீனர் சுற்றியதை வாங்காதே என்று பொருள். 1869இல் தொடங்கிய 'நைட்ஸ் ஒஃப் லேபர்' என்ற தொழிலாளர் அமைப்பு பெண்களைச் சேர்த்தது, கறுப்பினத்தவரைச் சேர்த்தது, அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். வக்கீல், வங்கிக்காரன், சூதாடி, சாராயம் விற்பவன் நால்வருக்கும் இடமில்லை என்று விதி வைத்திருந்தார்கள், வக்கீலைச் சூதாடியோடு ஒரே வரிசையில் வைத்த விதி எனக்குக் கொஞ்சம் பிடித்திருக்கிறது. ஆனால் சீனருக்கும் இடமில்லை. 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரத் தடைச் சட்டம் வந்தபோது சங்கங்கள் கை தட்டின. 1885இல் வயோமிங்கின் ரொக் ஸ்பிரிங்ஸ் சுரங்கத்தில் 28 சீனத் தொழிலாளரைக் கொன்றார்கள், கொன்ற கூட்டமும் தொழிலாளர் கூட்டம்.

கொழும்பில் இருந்துகொண்டு இதை வாசித்தால் குணசிங்க ஞாபகம் வராமல் இருக்குமா? 1920களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம், மலையாளி என்று எல்லோரையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்திய அதே மனிதர், 1930களில் வேலை குறைந்ததும் மலையாளிகளை வெளியேற்று என்று கிளம்பினார். பாதி வாழ்க்கையை மட்டும் வெட்டி எடுத்து மாலை போடுவது சுலபம். இங்கேயும் அங்கேயும் அதைத்தான் செய்கிறோம்.

அட்லாண்டா சலவைப் பெண்களையும் விட மனமில்லை. 1881 ஜூலை, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டு இருபது வருடம்கூட ஆகாத கறுப்பினப் பெண்கள், இருபது பேர் கூடிச் சங்கம் வைத்தார்கள். மூன்று கிழமையில் 3000 பேர். பன்னிரண்டு இறாத்தல் துணிக்கு ஒரு டொலர், அவ்வளவுதான் கேட்டது. நகரசபை பயமுறுத்தப் பார்த்தது, தொழில் செய்ய 25 டொலர் அனுமதிப் பணம் கட்டச் சொல்வோம் என்று. வேண்டுமானால் கட்டுகிறோம், ஆனால் நகரத்துத் துணி முழுக்க எங்கள் கையில்தான் இருக்கும் என்கிற தொனியில் மேயருக்குப் பதில் எழுதினார்கள். கொழும்புச் சலவைத் தொழிலாளர் வேலையை நிறுத்தியது 1896இல். ஊர் முழுக்க அழுக்குத் துணியோடு நின்றால்தான் சிலருக்கு யார் துவைக்கிறார்கள் என்பது தெரியவரும்.

1877 ரயில்வே வேலைநிறுத்தம், நூறு பேர் அளவில் செத்தது, ஜனாதிபதி இராணுவத்தை அனுப்பியது, பிறகு 1886 சிக்காகோ, 1887 நவம்பரில் நாலு பேரைத் தூக்கில் போட்டது, 1893இல் புதிய ஆளுநர் ஆல்ட்கெல்ட் விசாரணை நேர்மையில்லாதது என்று சொல்லி மிச்சம் இருந்த மூவரை விடுவித்தது, இதெல்லாம் மேடையில் கேட்டிருப்பீர்கள், நான் திரும்பச் சொல்லவில்லை. அமெரிக்காவே மே முதலாம் திகதியை விட்டுவிட்டு 1894இல் செப்டெம்பரின் முதல் திங்களை லீவாக்கிக்கொண்டது. மே தினத்துக்கு லீவு நமக்குத்தான், 1956இலிருந்து.

இதை எழுதி முடிக்காமல் வைத்திருந்தபோது, மே தினம் முடிந்து ஒரு கிழமை இருக்கும், மனைவியின் செருப்பை எடுத்துக்கொண்டு மறுபடி அந்தப் பக்கம் போனேன். எனக்குத் தைத்தவர் சாப்பிடப் போயிருந்தார், நடுக் குடைகள் இரண்டிலும் ஆள் நின்றது. கடைசிக் குடையில் ஒரு மெலிந்த மனிதர், தலை முழுக்க நரை. செருப்பை வாங்கிப் பார்த்தார், இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"முந்நூறு குடுங்க சேர். அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. தைத்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்த பலகையில் உட்கார்ந்திருந்தேன், நானூறைக் கொடுத்துவிட்டு வந்தேன். மிச்சம் தரவா என்று அவர் கேட்கவுமில்லை, நான் நிற்கவுமில்லை.